பித்தளைத் தகட்டில் இரண்டு எழுத்து

போன ஞாயிற்றுக்கிழமை காலை என் தங்கை மகன் வந்திருந்தான். குறிச்சி சிட்கோவில் போல்ட், நட் செய்கிற பட்டறை வைத்திருக்கிறான். வைத்த காபி ஆறிக்கொண்டிருக்க, செல்போனில் ஒரு எக்ஸெல் தாளைத் திறந்து என் மூக்குக்கு நேரே நீட்டினான்.

"மாமா, அந்தக் காலத்துல இந்த ஐரோப்பாக்காரங்க பேப்பரெல்லாம் நீங்கதானுங்களே பார்த்தீங்க. இதக் கொஞ்சம் பாருங்க. நான் போல்ட்டு விக்கறனா, புகை விக்கறனான்னே தெரியலீங்க."

ஜெர்மனியில் அவனிடம் சரக்கு வாங்குகிறவர் கேட்டிருப்பது இதுதான். ஒரு டன் போல்ட் செய்ய எவ்வளவு கரியமில வாயு வெளியாகிறது? அவன் பட்டறையில் வெளியாவது மட்டும் போதாது. அவன் வாங்குகிற கம்பி எந்த ஆலையில் உருக்கப்பட்டதோ, அங்கே வெளியானதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கேள்விகளைப் படித்தேன். படிக்கப் படிக்க, 1996ல் போர்ச்சுகலில் ஒரு நூற்பாலையின் மூலையில் வாயடைத்து நின்றது ஞாபகம் வந்துவிட்டது. முதலில் அந்தக் கதை. போல்ட் சமாசாரத்துக்குப் பிறகு வருகிறேன்.

நான் அப்போது வேலை பார்த்தது கணபதி பக்கம் ஒரு நடுத்தரக் கம்பெனியில். பெயர் வேண்டாம். நூற்பாலைகளுக்கான துணை இயந்திரங்கள் செய்து வந்தோம். அதில் நன்றாக ஓடியது ரோவிங் வேஸ்ட் ஓப்பனர். ஆலையில் வேலை பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: சிம்ப்ளெக்ஸிலும் ரிங் ஃபிரேமிலும் மிச்சமாகும் திரித் துண்டுகளை இழுத்து, மறுபடி பஞ்சாகப் பிரித்துக் கொடுக்கும் இயந்திரம். உள்ளே ஊசிப் பல் வைத்த கனமான உருளை ஒன்று வேகமாகச் சுற்றும். அதன் மேல் ஒரு தகரமூடி, இரண்டு திருகு. அவ்வளவுதான்.

போர்ச்சுகலின் வடக்கே ஒரு ஆலையிலிருந்து இரண்டு இயந்திரங்களுக்கு ஆர்டர் வந்தது. எங்களுக்கு ஐரோப்பாவில் அதுதான் முதல் ஆர்டர். முதலாளி மருதமலைக்குப் போய் வந்தார். அங்கிருந்த ஏஜென்ட் எழுதிய கடிதத்தில் ஒரு வரி: சி.இ. முத்திரை அவசியம். எங்கள் ஆபீசில் யாருக்கும் அது என்னவென்று தெரியாது. ஐ.எஸ்.ஐ. முத்திரை மாதிரி ஏதோ ஒன்று என்று நினைத்தோம். விசாரித்ததில் வெளியூர் ஆலோசகர் ஒருவர் கிடைத்தார். ஒரு தொகை வாங்கிக்கொண்டு, பதினைந்தே நாளில் நட்சத்திரங்கள் போட்ட தங்க நிற முத்திரையோடு சான்றிதழ் அனுப்பிவிட்டார். இயந்திரத்தைப் பார்க்கக்கூட அவர் வரவில்லை. நாங்களும் பித்தளைத் தகட்டில் அந்த இரண்டு எழுத்தைப் பொறித்து ரிவெட் அடித்து அனுப்பினோம். (அந்த எழுத்துக்கும் ஒரு வடிவம் உண்டு, உயரம் 5 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்பதெல்லாம் பிறகுதான் தெரியும்.)

இயந்திரம் போய்ச் சேர்ந்தது. ஆனால் ஆலைக்காரர் ஓட்ட மறுத்துவிட்டார். பாக்கிப் பணம் நின்றது. என்னை அனுப்பினார்கள்.

அந்த ஆலையின் பாதுகாப்பு அதிகாரி ஐம்பது வயதுக்காரர், அதிகம் பேசாதவர். என்னைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு இயந்திரத்தை ஓடவிட்டார். ஸ்டாப் பட்டனை அழுத்தினார். உடனே மூடியின் இரண்டு திருகையும் கழற்றித் தூக்கினார். உருளை சுற்றிக்கொண்டேதான் இருந்தது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். நானும் நின்றேன். இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆயிற்று அது நிற்க. கனமான உருளை, நல்ல பேரிங். நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்ட விஷயம் அது. அந்த இரண்டு நிமிடமும் ஊசிப் பற்கள் ஒரு சாம்பல் நிறப் பளபளப்பாகத்தான் தெரிந்தன. சுற்றுகிறதா, நிற்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

பிறகு, "ஆபத்து மதிப்பீடு யார் செய்தது? டெக்னிக்கல் ஃபைல் எங்கே?" என்று கேட்டார். நான் தங்க முத்திரைச் சான்றிதழை எடுத்து நீட்டினேன். வாங்கிப் பார்த்தவர், அதைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். வேறு ஏதாவது இருக்குமோ என்று தேடியது போலிருந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டார்.

எங்களுக்கு விளங்காதிருந்தது அன்று சாயங்காலம் விளங்கியது. எங்கள் மாதிரி இயந்திரத்துக்குச் சி.இ. என்பது யாரோ கொடுக்கிற சான்றிதழே அல்ல. செய்தவன் தானே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் உறுதிமொழி. இந்த இயந்திரத்தில் என்னென்ன ஆபத்து உண்டு என்று நான் யோசித்தேன், ஒவ்வொன்றுக்கும் இன்ன ஏற்பாடு செய்தேன், கணக்கும் டிராயிங்கும் சோதனைக் குறிப்பும் என்னிடம் இருக்கின்றன, கேட்டால் காட்டுவேன் என்பது அதன் பொருள். பவர் பிரஸ், மரம் அறுக்கும் ரம்பம் போன்ற சில வகைகளுக்குத்தான் வெளியாள் சோதனை என்று சட்டத்தில் தனிப்பட்டியல் இருந்தது. நாங்கள் காசு கொடுத்து வாங்கியது, நாங்களே உட்கார்ந்து எழுதியிருக்க வேண்டியது.

இந்தச் சட்டம் எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். நம்மை வெளியே நிறுத்தக் கட்டிய சுவர் என்றுதான் கோவையில் அப்போது பேசிக்கொண்டோம். கொடிசியா கூட்டங்களில் நானும் அப்படிப் பேசியிருக்கிறேன். அது பாதி உண்மைதான். இந்த மாதிரி இயந்திரங்களுக்கு ஐரோப்பாவில் சுங்க வரி பெரிதாக ஒன்றுமில்லை. தடை இருந்தது காகிதத்தில். ஆனால் அதை அவர்கள் முதலில் போட்டது தங்களுக்குள்தான். ஜெர்மனிக்கு ஒரு பாதுகாப்பு விதி, பிரான்சுக்கு வேறு, இத்தாலிக்கு வேறு என்று இருந்த காலத்தில், பக்கத்து நாட்டுக்கு இயந்திரம் விற்கவே மாற்றிச் செய்ய வேண்டும். 1985ல், சட்டத்தில் அடிப்படைப் பாதுகாப்பு என்ன என்பதை மட்டும் சொல்வது, விவரங்களைத் தரநிர்ணய ஏடுகளுக்கு விட்டுவிடுவது என்று முடிவெடுத்தார்கள். 1989ல் இயந்திரங்களுக்கான உத்தரவு வந்தது. 1995 ஜனவரி முதல் கட்டாயம். ஒரு நாட்டில் சரியென்றால் எல்லா நாட்டிலும் சரி. நாங்கள் அந்தக் கதவைத் தட்டியது கட்டாயமான மறு வருடம்.

ஊருக்குத் திரும்பி ஏழு மாதம் அதே வேலை. தரநிர்ணய ஏடுகளை விலைக்கு வாங்கினோம். சில பக்கங்கள்தான், விலையோ ஒரு ஃபிட்டரின் மாதச் சம்பளம். ஆனால் உள்ளே இருந்தவை யோசித்து எழுதியவை. வலையிலோ மூடியிலோ நீளவாக்கில் 20 மில்லிமீட்டர் வரை இடைவெளி விட்டால், ஆபத்தான பாகம் அதிலிருந்து 120 மில்லிமீட்டராவது உள்ளே தள்ளி இருக்க வேண்டும். மனிதக் கை அவ்வளவு தூரம் நுழையும் என்பது கணக்கு. எங்கள் பஞ்சு நுழையும் வாயை ஸ்கேல் வைத்து அளந்தபோது எனக்கு உள்ளங்கை வியர்த்தது. இருபது வருடமாக அதைச் செய்து வருகிறோம், ஒரு தரமாவது யாரும் கையை வைத்து அளந்ததில்லை.

மூடிக்குப் பூட்டு வைத்தோம். வெறும் லிமிட் சுவிட்ச் போதாது. அது கரண்டைத்தான் நிறுத்தும், உருளையை நிறுத்தாது. உருளை முழுக்க நின்றது என்று சென்சார் சொன்ன பிறகே மூடி திறக்கும்படி பூட்டு. அந்தப் பூட்டு அப்போது இறக்குமதிச் சரக்கு. விலை எங்கள் மோட்டார் விலையை நெருங்கியது. போர்ச்சுகீஸ் மொழியில் கையேடு கொடுக்க வேண்டும், அதற்கு மொழிபெயர்ப்புச் செலவு. அந்த இரண்டு இயந்திரத்தில் லாபம் போய், கைக்காசும் போயிற்று.

இனி எழுதப் போவது எனக்குச் சந்தோஷமான பகுதி அல்ல.

அதற்குப் பிறகு எங்கள் டிராயிங் பீரோவில் இரண்டு கட்டு இருந்தது. 'எக்ஸ்போர்ட்' ஒன்று, 'லோக்கல்' ஒன்று. பூட்டு வைத்தது ஐரோப்பாவுக்கு. தகரமூடியும் இரண்டு திருகும் நம் ஊருக்கு. எல்லாவற்றுக்கும் பூட்டு வைத்துவிடலாமே என்று முதலாளியிடம் ஒரு தரம் சொன்னேன்.

"ஏனுங் சார், விலையைக் கொஞ்சம் ஏத்துனாலே பக்கத்துப் பட்டறைக்குப் போயிருவாங்க. கேக்கறவங்களுக்குக் கொடுப்போம். கேக்காதவங்களுக்கு எதுக்குங்க?" என்றார்.

அவர் சொன்னது பொய்யில்லை. அதே இயந்திரத்தை எங்களைப் பார்த்துச் செய்கிறவர்கள் ஊரில் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். நான் ஒரு தரம் சொன்னதோடு விட்டுவிட்டேன். அதுதான் உறுத்துகிறது. இரண்டாம் தரம் சொல்லவில்லை.

1999ல் பக்கத்து மாவட்டத்தில் ஒரு ஆலையிலிருந்து போன் வந்தது. இயந்திரம் சிக்கிக்கொண்டது, ஆள் அனுப்புங்கள் என்றார்கள். நானும் ஃபிட்டரும் போனோம். போன பிறகுதான் முழு விஷயமும் சொன்னார்கள். திரி சுற்றிக்கொண்டது என்று ஸ்டாப் பட்டனை அழுத்திவிட்டு ஒரு பையன் மூடியைக் கழற்றியிருக்கிறான். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம். உருளை நின்றுவிட்டது என்று நினைத்திருக்கிறான். வலது கையில் மூன்று விரல். நாங்கள் போகும்போது அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டிருந்தார்கள். இயந்திரத்தைத் துடைத்தும் வைத்திருந்தார்கள். எங்கள் ஃபிட்டர் குனிந்து பல்லுக்கு இடையில் பார்த்துவிட்டு, நிமிர்ந்து, "சார், இது நம்ம லோக்கல் மிஷின்" என்றார். அவர் வேறு எதுவும் சொல்லவில்லை. திரும்பும்போது அவிநாசி வரைக்கும் இருவரும் பேசவில்லை.

அதன் பிறகும் உடனே மாறிவிடவில்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும். 2001ல்தான் எல்லா இயந்திரத்துக்கும் பூட்டு என்று ஆயிற்று. அதற்கும் காரணம் மனசாட்சி என்று சொல்ல முடியாது. இரண்டு டிராயிங், இரண்டு ஸ்டாக், இரண்டு விதப் பேனல் வைத்துக்கொள்வது ஒன்றையே செய்வதைவிடச் செலவு என்று கணக்குப் பிள்ளை காட்டினார். பூட்டும் உள்நாட்டிலேயே கிடைக்க ஆரம்பித்தது. முதல் வருடம் உள்ளூர் ஆர்டர் குறைந்தது. பிறகு துருக்கி ஆலைகளும் சி.இ. கேட்க ஆரம்பித்தபோது, ஊரில் எங்களிடம் மட்டும் ஃபைல் தயாராக இருந்தது. எங்களைப் பார்த்துச் செய்தவர்களால் இயந்திரத்தைப் பார்த்துச் செய்ய முடிந்தது, ஃபைலைப் பார்த்துச் செய்ய முடியவில்லை. சட்டம் சுவராக நின்றதும் நிஜம், ஏணியாக நின்றதும் நிஜம்.

2007ல் மியூனிக்கில் ஐ.டி.எம்.ஏ. ஜவுளி இயந்திரக் கண்காட்சிக்குப் போயிருந்தேன். அப்படியே ரொய்ட்லிங்கன் பக்கம் ஒரு சின்னக் கம்பெனியைப் பார்க்கப் போனேன். நாற்பது பேர் வேலை செய்கிற குடும்பக் கம்பெனி. நம் பீளமேட்டுப் பட்டறை மாதிரியே எண்ணெய் வாசனை, தரை மட்டும் சாப்பிடலாம் போலச் சுத்தம். முதலாளி அறுபது தாண்டியவர். ஐரோப்பியச் சட்டம் ஐரோப்பியனுக்குச் சாதகம் என்று நான் நினைத்திருந்ததை அவர்தான் கலைத்தார்.

அவர் சொன்னதன் சாரம் இது. முதலில் சி.இ. வந்தபோது அவர்களுக்கு அது பெரிய வரம். பிரான்சுக்கு ஒரு மாதிரி, இத்தாலிக்கு ஒரு மாதிரி செய்வது நின்றது. ஆனால் வருடா வருடம் புதுப்புது ஏடு. மின்சாதனங்களில் ஈயம் போன்றவற்றைக் கட்டுப்படுத்தும் விதி 2006ல் வந்தது. அது தன் இயந்திரத்தை நேரே தொடாவிட்டாலும், கேட்கிறவர்களுக்கெல்லாம் பதில் எழுத வேண்டியிருக்கிறது என்றார். ரசாயனப் பொருட்களுக்கான ரீச் சட்டம் அந்த வருடம்தான் அமலுக்கு வந்திருந்தது. இயந்திர உத்தரவையே 2006ல் புதுப்பித்து, 2009 கடைசியில் அமல் என்று அறிவித்திருந்தார்கள். "ஒரு மாடலில் வருடத்துக்கு ஆறு இயந்திரம் விற்கிறேன். பெரிய கம்பெனி அறுநூறு விற்கும். ஃபைல் இருவருக்கும் ஒரே கனம்தான்" என்று ஒரு தடிமனான கோப்பைக் கையில் தூக்கிக் காட்டினார். எனக்கு எங்கள் கணக்குப் பிள்ளை ஞாபகம் வந்தது.

அவருக்கு அதைவிடக் கோபம் வேறு ஒன்றில். வெளிநாட்டிலிருந்து வரும் மலிவு இயந்திரங்களிலும் அதே இரண்டு எழுத்து ஒட்டியிருக்கிறது. உள்ளே திறந்து பார்க்கத் துறைமுகத்தில் ஆளில்லை. விதிக்குச் செலவு செய்தவனும் செய்யாதவனும் ஒரே சந்தையில் நிற்கிறார்கள் என்றார். எங்கள் பித்தளைத் தகட்டை நினைத்துக்கொண்டு நான் தலையாட்டினேன். பல வருடம் கழித்து, 2021 ஜூலையில், இப்படிப்பட்ட சரக்குக்கு ஐரோப்பாவுக்குள்ளேயே பொறுப்பேற்க ஒருவர் இருந்தாக வேண்டும் என்று விதி வந்தது.

கிளம்பும்போது அவர் ஒரு கேள்வி கேட்டார். "உங்கள் நாட்டில் விற்பதற்கும் இதே பூட்டுத்தானா?" ஆமாம் என்றேன். ஆறு வருடம் முன்னால் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ.

பிறகு பம்புக்காரர்கள் கதை உண்டு. நம் ஊருக்குப் பம்பு எப்படி என்று உங்களுக்குத் தெரியும். சுத்த நீருக்கான சில வகைப் பம்புகளுக்கு ஐரோப்பா 2013ல் குறைந்தபட்சத் திறன் அளவு வைத்தது. 2015ல் அதை உயர்த்தியது. அவர்கள் சந்தையில் திறன் குறைந்த கடைசி 10 சதவீதம் முதலில் போக வேண்டும், பிறகு 40 சதவீதம் வரை போக வேண்டும் என்பது கணக்கு. மோட்டார்களுக்கும் இதே போலப் படிப்படியாக. இம்பெல்லர் வார்ப்பைச் சரி செய்தவர்கள் தாக்குப் பிடித்தார்கள். நான் ஓய்வு பெற்ற பிறகு நடந்தது, அதனால் இத்தோடு விடுகிறேன்.

இப்போது மருமகனின் போல்ட்.

ஐரோப்பாவில் எஃகு ஆலைகள் புகைக்குக் காசு கட்டுகின்றன. வெளிநாட்டு எஃகு கட்டாமல் உள்ளே வந்தால் உள்ளூர் ஆலை படுத்துவிடும். அதனால் எல்லையில் ஒரு கார்பன் கட்டணம். 2023 அக்டோபரில் கணக்குக் கொடுப்பது மட்டும் ஆரம்பமாயிற்று. 2026 ஜனவரி முதல் காசும் உண்டு. எஃகு, அலுமினியம், சிமென்ட், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் பட்டியலில் இருக்கின்றன. போல்ட்டும் நட்டும் இருக்கின்றன. ஆனால் போல்ட் பூட்டிய இயந்திரம் அந்தப் பட்டியலில் இல்லை.

இதை அவனுக்குச் சொன்னபோது நம்பவில்லை. "அப்ப மிஷினா மாட்டி அனுப்புனா காசு இல்லீங்களா மாமா?"

இல்லை. இதில் அடி வாங்குவது யார் என்று பார்த்தால் ரொய்ட்லிங்கன்காரர்தான். அவர் வாங்கும் எஃகும் போல்ட்டும் விலை ஏறுகின்றன. போதாததற்கு வெளிநாட்டு எஃகுக்கு 2018ல் அளவு வரம்பு வைத்தார்கள், தாண்டினால் 25 சதவீத வரி என்றார்கள். அதை 50 ஆக்கலாம் என்று 2025 அக்டோபரில் முன்மொழிந்தார்கள். ஆனால் சீனாவிலிருந்தோ இங்கிருந்தோ முழு இயந்திரமாக வந்தால் அந்தப் பாரம் எதுவும் இல்லை. எஃகு ஆலையைக் காப்பாற்றப் போய், எஃகை வாங்கி இயந்திரம் செய்கிறவனை வெயிலில் நிறுத்திவிட்டார்கள். இயந்திரங்களையும் பட்டியலில் சேர்க்கலாம் என்று 2025 டிசம்பரில் ஒரு யோசனை வைத்திருக்கிறார்கள். ஒரு ஓட்டையை அடைக்க இன்னொரு ஃபைல். அதுவும் ஆறுக்கும் அறுநூறுக்கும் ஒரே கனமாக இல்லாமல் இருந்தால் சரி. வருடத்துக்கு 50 டன்னுக்குள் இறக்குமதி செய்கிறவர்களை இந்தக் கட்டணத்திலிருந்து விட்டுவிட்டது நல்ல காரியம். மருமகனின் வாடிக்கையாளர் அதைவிட அதிகமாக வாங்குகிறார் என்பது வேறு விஷயம்.

நாமும் சும்மா இல்லை. இந்திய அரசும் 2024 ஆகஸ்டில் இயந்திரப் பாதுகாப்புக்கு ஓர் ஆணை போட்டது. பம்பு, கம்ப்ரஸர், கிரேன், தறி எல்லாம் அதில் வந்தன. அமல் தேதியைத் தள்ளி வைத்தார்கள். அதற்குள் ஐரோப்பாக்காரர்கள் 'இது வியாபாரத் தடை' என்று முறையிட்டார்கள். செய்தியைப் படித்து நான் சத்தமாகச் சிரித்ததில் என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். ஆனாலும் அந்த ஆணையில் பூட்டு பற்றி ஒரு வரி இருந்தால் எனக்குச் சம்மதம்தான்.

காபியை இரண்டாம் தரம் சுட வைத்துக் குடித்துவிட்டு, மருமகனும் நானும் தாளை நிரப்ப உட்கார்ந்தோம். அவன் ஏற்கெனவே ஒருவரிடம் பேசி வைத்திருந்தான். காசு கொடுத்தால் எல்லாக் கட்டத்தையும் அவரே நிரப்பித் தருவாராம். பட்டறைக்கு வந்து பார்க்கவும் வேண்டாமாம். "வேண்டாம்டா" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது, அவன் நிமிர்ந்து பார்த்தான்.

அவன் பட்டறையில் நேரடியாகப் புகை வருவது பதப்படுத்தும் உலையில் மட்டும். அந்த எரிவாயு பில்லைக் கூட்டினோம். எஃகுக்கு இப்போதைய கட்டணத்தில் கரண்ட் கணக்கு சேராது என்று படித்துக் காட்டினேன். காற்றாலைக் கரண்ட் வாங்குகிறேனே, அதற்கு மதிப்பில்லையா என்று அவனுக்கு வருத்தம். மிச்சமெல்லாம் கம்பியில்தான் இருக்கிறது. ஊதுலையில் இரும்புத் தாதுவிலிருந்து வந்த கம்பி என்றால் டன்னுக்கு இரண்டு டன்னுக்கு மேல் புகை. பழைய இரும்பை மின் உலையில் உருக்கியது என்றால் மிகவும் குறைவு. அவன் வாங்கும் கம்பி எது என்று கேட்டேன். இத்தனை வருடத்தில் யாரும் கேட்டதில்லை, விலையை மட்டும்தான் பார்ப்பேன் என்றான். கணக்குக் கொடுக்காவிட்டால் அவர்களே ஒரு கூடுதல் எண்ணைப் போட்டுக்கொள்வார்கள்.

கம்பி ஆலைக்கு என் எதிரிலேயே மெயில் எழுதினான். மூன்று வரி. நான்காவதாக, உருக்கு எந்த உலையில் வந்தது, சோதனைக் குறிப்பு இருக்கிறதா என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். இன்றைக்கு வியாழன். இன்னும் பதில் வரவில்லையாம். நாளைக்கு நேரிலேயே போகலாம் மாமா, நீங்களும் வாங்க என்கிறான். கார் அனுப்புகிறேன் என்றிருக்கிறான்.